ஆராய்ச்சி மீன்களின் ஆகாரம்

கங்கை, பிரம்மபுத்திரா நதிகளின் வடிநிலத்தில், நெல் வயல்களிலும் மெல்ல ஓடும் ஓடைகளிலும் வாழும் சிறு மீன் ஒன்று, இன்று உலகின் பல ஆராய்ச்சி நிலையங்களில் வளர்க்கப்பட்டு வருகிறது. உடல் நெடுக நீலக் கோடுகள் அமைந்திருப்பதால் இதனை வரிக்குதிரை மீன் என்பர். பிரான்ஸிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இது விவரிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின் விஞ்ஞானிகளின் கவனம் இதன்பால் பெரிதும் திரும்பியது. மனிதனின் ஜீன்களுள் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இணையானவை இம்மீனிடமும் உண்டென 2013-ல் அறிவிக்கப்பட்டது.

இத்துணை நுட்பமாக ஆராயப்படும் மீனுக்கு அளிக்கப்படும் உணவோ நிலையத்துக்கு நிலையம் வேறுபடுகிறது. எலிகளின் விஷயத்தில் நிலைமை வேறு. அமெரிக்க ஊட்டவியல் கழகம் 1976-லும், பின்னர்த் திருத்தி 1993-லும் அவற்றுக்குரிய உணவுக் கலவையை வகுத்தது. கேசீன், மாவுச்சத்து, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள் ஆகியவற்றின் அளவு அதில் குறிக்கப்பட்டிருப்பதால், அதே உணவை எந்நாட்டிலும் தயாரித்துக்கொள்ளலாம். வரிக்குதிரை மீனுக்கு இவ்வாறு யாவரும் ஏற்றுக்கொண்ட பொதுத் தரம் இன்னும் அமையவில்லை.

இதற்கு முதற் காரணம் குஞ்சுகளின் இயல்பே. கருவுற்ற ஐந்தாம் நாளளவில் இரை தேடத் தொடங்கும் குஞ்சின் வாய் மிகச் சிறியது. அசைந்தோடும் இரையையே அது நாடும். எனவே பாரமீசியம், ரோட்டிபர் முதலிய நுண்ணிய உயிர்களையும், சற்று வளர்ந்தபின் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ப் பிராணியின் குஞ்சுகளையும் அளிக்கின்றனர். தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் இப்பிராணியின் உலர்ந்த முட்டைகளை 28 டிகிரி வெப்பமுள்ள உப்புநீரில் இட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். பொரித்தவுடன் அதன் உடலில் கொழுப்புச் சத்து மிகுதி. நேரம் செல்லச் செல்ல அச்சேமிப்பை அது தானே செலவிட்டுவிடும். ஆகவே ஒரே கலத்திலிருந்து காலையில் இரை பெற்ற தொட்டியும் மாலையில் பெற்ற தொட்டியும் ஒரே ஆகாரத்தை உண்டன என்று கொள்வதற்கில்லை. முட்டைகள் சேகரிக்கப்பட்ட ஏரி மாறினாலும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறும்.

உலர் தீவனத்திலும் சிக்கல் இல்லாமலில்லை. மீன்தூளின் தன்மை, மீனின் வகையையும் பிடித்த பருவத்தையும் பொறுத்தது. சோயா மாவில் பெண்மை ஹார்மோனைப் போன்று செயற்படும் பொருள்கள் உள்ளன. பூச்சிமருந்து ஒன்று ஹார்மோன்களைப் பாதிக்கிறதா என்று சோதிப்பவர், தீவனத்தின் விளைவையே மருந்தின் விளைவாகக் கருதிவிடக் கூடும். வைட்டமின் சி-யை மனிதனைப் போலவே இம்மீனும் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது; அதுவோ சேமிப்பில் சிதைவதும் நீரில் கரைந்து போவதுமான பொருள். பாஸ்பேட்டுடன் இணைந்த வடிவில் சேர்த்தால் நெடுநாள் நிற்கும்.

அளவும் கருதத்தக்கது. ஜப்பானில் 2010-ல் வெளியான ஆய்வொன்றில், சில மீன்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 5 மில்லிகிராம் ஆர்ட்டீமியாவும், வேறு சிலவற்றுக்கு 60 மில்லிகிராமும் எட்டு வாரம் அளிக்கப்பட்டன. மிகுதியாக உண்டவை பருத்ததுடன், அவற்றின் கல்லீரலிலும் கொழுப்புப் படிந்தது. தொட்டியில் ஒரு சிட்டிகை தூவுவதே அளவு என்னும் பழக்கம் சோதனைக்கு ஒவ்வாது என்பது இதனால் விளங்கும்.

பள்ளியில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள், தீவனத்தை நிறுத்து இடுவதையும், டப்பி திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைப்பதையும் மாணவர்களுக்குப் பழக்கலாம். களப் பணியாளர் செய்யக்கூடியது இதனினும் பெரிது. இயற்கையில் இம்மீன் நீரில் மிதக்கும் நுண்பிராணிகளையும் பூச்சிகளையும் உண்கிறது என்பது, பிடித்த மீன்களின் குடலை ஆராய்ந்தே அறியப்பட்டது. தீவனக் கலவை வகுப்போர்க்கு இத்தகைய குறிப்புகளே ஆதாரம். மீன் இறந்த பின்னும் குடலில் செரிமானம் சிறிது நேரம் நடைபெறுமாதலால், பிடித்தவுடன் அதனைப் பதப்படுத்தி, இடம், மாதம், வேளை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.