மலைக்குப் போவது எப்போது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வசிக்கும் நமக்கு மலைப் பிரயாணம், வருஷமெல்லாம் சேமித்த பணத்தில் ஒரு முறை கிட்டும் பாக்கியம். ஆகையால் கோடை விடுமுறை பிறந்ததும் மூட்டை கட்டிவிடுகிறோம். சித்திரையில் குற்றாலம் சென்றாலோ, குழந்தைகள் காண்பது பெரும்பாலும் வெறும் பாறைதான்! அங்கே சாரல் ஆனி, ஆடியிலே. அந்தத் தென்மேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டு, நம் கரிசலுக்கு வெறுங்கையோடு வருகிறது. பள்ளி திறந்த பின் ஒரு சனி, ஞாயிறு அருவிக்குப் போதும்.

வெயிலுக்குத் தப்ப விரும்புவோர் சித்திரையில் 7,000 அடி உயரத்துக் கொடைக்கானலை நாடலாம். நம் கண்மாய்கள் நிறையும் ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண்சரிவு அபாயம் உண்டு. குறிஞ்சி மலரோ 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2018-ல் பூத்ததை இனி 2030-ல்தான் எதிர்பார்க்கலாம்.

முதலில் மனத்தைக் கேட்போம். பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டுவோம்.