விடுமுறை முடிந்து வெளிநாட்டுப் பள்ளிக்குத் திரும்பும் நம் பிள்ளைகள்: கடைசிப் பத்து நாட்களில் செய்ய வேண்டியவை



ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் நம் தெருக்களில் ஒரே காட்சிதான். திண்ணையில் பெட்டிகள் திறந்து கிடக்கும். ஓட்டுமாவு, தொதல், மாசி என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். எடை 30 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று யாராவது பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத், மஸ்கட் ஆகிய இடங்களிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் திரும்பிப் போகும் நேரம் இது.

இதே நாட்களில் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கும். நேற்றுவரை தெருவில் பந்து விளையாடியவன் இன்று சாப்பாடு வேண்டாம் என்பான். ஒன்றுமில்லாததற்கெல்லாம் தம்பியோடு சண்டை வரும். "இரண்டு மாசம் ஆட்டம் போட்டாச்சு, இப்போ ஸ்கூல்னா கசக்குதோ?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். நம் அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் பலர் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி சோம்பலோ பிடிவாதமோ அல்ல. அந்தப் பிள்ளை விடுமுறையிலிருந்து பள்ளிக்கு மட்டும் போகவில்லை. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறது. கொஞ்சம் முன்கூட்டியே தயார் செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளி திறந்த இரண்டு வாரங்களில் பழகிவிடுகிறார்கள். ஆனால் சிலருடைய தயக்கத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு துன்பம் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்து அறிவதுதான் பெற்றோரின் வேலை.

எந்த வகைப் பள்ளி?

ஊரில் நாம் எல்லாவற்றையும் "இன்டர்நேஷனல் ஸ்கூல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வளைகுடாவில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, நம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை நடத்தும் இந்தியப் பள்ளிகள். இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிள்ளை மூன்று மாதம் போலப் படித்துவிட்டுத்தான் ஊருக்கு வருகிறது. திரும்பும்போது அதே வகுப்பு, அதே ஆசிரியர். ஆனால் பாடம் நடுவழியில் நிற்கும், பல பள்ளிகளில் தேர்வும் தொலைவில் இருக்காது. இந்தப் பிள்ளையின் பயம் பெரும்பாலும் "எல்லாம் மறந்துபோச்சே" என்பது.

மற்றொன்று, பிரிட்டிஷ் பாடத்திட்டமோ ஐ.பி. பாடத்திட்டமோ நடத்தும் பள்ளிகள். ஐ.பி. என்பது 1968-இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட அமைப்பு. நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளை மனதில் வைத்து உருவானது. இந்தப் பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ புது ஆண்டே தொடங்குகிறது. புது வகுப்பு, புது ஆசிரியர், சில நேரம் புதுக் கட்டடம். இந்தப் பிள்ளையின் பயம் "யார் பக்கத்தில் உட்காருவார்கள்?" என்பது.

பயம் வேறு என்றால் மருந்தும் வேறு. முதல் வகைப் பிள்ளைக்குக் கடைசிப் பத்து நாட்களில் தினமும் அரை மணி நேரம் பழைய நோட்டைப் புரட்ட வையுங்கள். விடுமுறை வீட்டுப்பாடம் முழுவதையும் கடைசி இரண்டு இரவுகளில் எழுத வைப்பதால் கைதான் வலிக்கும். இரண்டாம் வகைப் பிள்ளைக்கு நோட்டை விட நண்பர்களைப் பற்றிய தகவல்தான் தேவை.

நண்பன் திரும்பி வரமாட்டான்

வளைகுடாப் பள்ளிகளில் ஒவ்வொரு கோடையிலும் வகுப்பில் சில இருக்கைகள் காலியாகும். ஒருவருடைய வாப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல், இன்னொருவருக்கு வேலை முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்புதல். மூன்று ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்த தோழி இனி வரமாட்டாள் என்பதை நம் மகள் பள்ளி திறந்த அன்று காலையில், எல்லார் முன்னாலும்தான் தெரிந்துகொள்வாள்.

இதைத் தவிர்ப்பது எளிது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மற்றத் தாய்மார்களிடம் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று கேட்டுவிடுங்கள். நெருங்கிய தோழி போய்விட்டாள் என்றால் அதை ஊரிலேயே, உம்மும்மாவின் மடி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். அழட்டும். கூடவே, வருகிற பிள்ளைகளில் ஒருவரோடு பள்ளி திறக்கும் முன் ஒருமுறை பேசவோ சந்திக்கவோ வழி செய்யுங்கள். முதல் நாள் தெரிந்த ஒரு முகம் இருந்தால் போதும்.

இப்படி இரண்டு மண்ணுக்கு நடுவில் வளரும் பிள்ளைகளைப் பற்றி 1950-களிலேயே ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஆராய்ந்தார். இந்தியாவில் வந்து வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் இதைக் கவனித்தார். அந்தப் பிள்ளைகள் பெற்றோரின் பண்பாட்டிலும் முழுதாக இல்லை, வாழும் நாட்டின் பண்பாட்டிலும் முழுதாக இல்லை. நடுவில் மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதால் "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று பெயரிட்டார். நம் சபராளி வீடுகளின் பிள்ளைகளும் அப்படித்தான். ஊரில் "துபாய்ப் பிள்ளை" என்கிறோம், அங்கே "இந்தியன்" என்கிறார்கள். அவர்களுடைய தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். விடுமுறையில் வாப்பும்மாவிடம் கற்ற தமிழை அங்கே போனதும் நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் தமிழ் பேசினால் பள்ளியில் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லாதது.

தூக்கமும் கடிகாரமும்

விடுமுறையில் நம் பிள்ளைகள் இரவு 12 மணிக்குப் படுக்கிறார்கள். சுபுஹுக்கு எழுப்பினாலும் தொழுதுவிட்டு மீண்டும் படுத்து ஒன்பதரைக்கு எழுகிறார்கள். அங்கேயோ பள்ளி வண்டி பல இடங்களில் காலை ஆறு, ஆறரைக்கே வந்துவிடுகிறது. ஐந்தரைக்கு எழ வேண்டும்.

இங்கே அல்லாஹ் நமக்கு ஒரு வசதி வைத்திருக்கிறான். அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. அங்கே காலை 5:30 என்றால் நம் ஊரில் 7:00. ஆகவே இங்கே ஏழு மணிக்கு எழும் பிள்ளைக்கு அங்கே ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வரும். ஒன்பதரையிலிருந்து ஏழுக்கு வர இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். பத்து நாளில் தினமும் 15 நிமிடம் முன்னால் எழுப்பினால் கணக்கு சரியாகிவிடும். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே போகிறவர்கள் இங்கே எட்டு மணிக்கு எழப் பழகினாலே போதும்.

சிங்கப்பூர், மலேசியா போகும் குடும்பங்களுக்குத்தான் இது தலைகீழ். அங்கே காலை ஆறு மணி நமக்கு அதிகாலை 3:30. ஊரிலிருந்தே இதைச் சரிசெய்ய முடியாது. பள்ளி திறக்க நான்கைந்து நாள் முன்பே போய்ச் சேருவதுதான் வழி. வளைகுடா செல்வோருக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருப்பது நல்லது. மலிவான டிக்கெட் கிடைத்தது என்று பள்ளி திறப்பதற்கு முந்தைய நள்ளிரவில் போய் இறங்கினால், மிச்சமான பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் முதல் வாரம் போய்விடும்.

6 முதல் 12 வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பெரிய பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் தாமதமாக வருவது அந்த வயதில் உடலின் இயல்பு. திட்டிப் பயனில்லை. இஷாவுக்குப் பிறகு கைப்பேசியை உம்மாவின் அறையில் வைத்துவிடுவதும், காலையில் எழுந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருக்க வைப்பதும் உதவும்.

திரும்பும் நேரம் வளைகுடாவில் கடும் வெயில் என்பதையும் மறக்க வேண்டாம். அமீரகத்தில் வெட்டவெளியில் நண்பகல் வேலைக்கு இருக்கும் தடை செப்டம்பர் 15 வரை நீடிக்கிறது. நம் பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை ஒரு விளையாட்டாகவே பழக்குங்கள்.

விடைபெறுவதை மறைக்காதீர்கள்

பிள்ளை அழும் என்று தூங்கும்போதே தூக்கிக் காரில் போடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நினைப்பது நல்லதுதான். ஆனால் கண் விழித்துப் பார்த்தால் வாப்பும்மா இல்லை, வீடு இல்லை என்றால், அடுத்த முறை அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்காது. ஸலாம் சொல்லி, கட்டிப் பிடித்து, பெரியவர்களிடம் துஆ வாங்கிப் போகட்டும். அழுகை அரை மணியில் அடங்கும்.

அடுத்துப் பேசுவது எப்போது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நமக்கு வசதியான நாள். அமீரகத்தின் பெரும்பாலான இடங்களில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் பள்ளி; ஷார்ஜாவில் வெள்ளியும் விடுமுறை. சவூதி, கத்தார், குவைத் நாடுகளில் வெள்ளி முழு விடுமுறை. நம் ஊரில் மஃரிப் தொழுதுவிட்டு ஏழு மணிக்கு அழைத்தால் துபாயில் மாலை ஐந்தரை, தோஹாவில் நாலரை. நினைத்தபோது பத்து முறை அழைப்பதை விட, மாறாத ஒரு நேரம் பிள்ளைக்குத் தெம்பு தரும்.

திரும்பப் போகவில்லை என்றால்

இதை எழுத எங்களுக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். வாப்பாவின் வேலை போய், அல்லது கட்டணம் கட்ட முடியாமல், பிள்ளைகளை ஊரிலேயே விட்டுச் செல்லும் குடும்பங்கள் உண்டு. எங்களிடம் வந்த ஒரு தாயின் மகள் எட்டாம் வகுப்பு. வாப்பா போகிற நாளுக்கு முந்திய இரவு, தன் பெட்டியையும் கட்டி முடித்த பிறகுதான் தான் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "சொன்னால் விடுமுறை கெட்டுவிடும் என்று மறைத்தோம்" என்றார் அந்தத் தாய். அந்தப் பிள்ளை பல வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பள்ளி மாறியதை விட, எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முடிவு எடுத்துவிட்டீர்கள் என்றால் பிள்ளையிடம் உடனே சொல்லுங்கள். காரணத்தையும் மறைக்காமல், வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். அங்குள்ள நண்பர்களிடம் விடைபெற வாய்ப்புக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கி வாருங்கள். இல்லையென்றால் இங்கே சேர்ப்பது இழுபடும். கட்டணப் பாக்கி மட்டும்தான் சிக்கல் என்றால், பள்ளி திறக்கும் முன்பே நிர்வாகத்தை நேரில் பார்த்துத் தவணை கேளுங்கள். அந்தப் பேச்சைப் பிள்ளையின் முன்னால் பேசாதீர்கள். தன்னால்தான் வாப்பாவுக்குக் கடன் என்று பிள்ளைகள் எளிதில் நினைத்துவிடுகிறார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, தலைவலி. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல். குறிப்பிட்ட ஒரு வண்டியிலோ வகுப்பிலோ ஏற மறுத்தல். பொருட்கள் அடிக்கடி தொலைதல், கிழிதல். முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை வாய் மூடிப்போதல். இவற்றில் ஒன்றிரண்டு தொடர்ந்து இருந்தால் அதை அடம் என்று ஒதுக்காதீர்கள். கேலி, மிரட்டல், படிப்பதில் உள்ள சிரமம் என்று ஏதோ ஒன்று இருக்கலாம்.

"ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் பதில் வராது. "இடைவேளையில் யார் கூட இருந்தே? வண்டியில் எங்கே உட்கார்ந்தே?" என்று கேளுங்கள். கிடைத்த விவரத்தை வகுப்பாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பல பள்ளிகளில் மாணவர்களுக்கான ஆலோசகர் இருக்கிறார்; அவரைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பள்ளி அசையவே இல்லை என்றால், துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக் போன்ற அரசு அமைப்புகள் இருப்பதும் நினைவில் இருக்கட்டும். உடல்நலக் காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை அழைப்பில் "நல்லா படிக்கிறியா? எத்தனை மார்க்?" என்று தொடங்காதீர்கள். இந்த வாரம் என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். உம்மாவிடமும் வாப்பாவிடமும் சொல்லாததைச் சில பிள்ளைகள் வாப்பும்மாவிடம்தான் சொல்லும். அதைக் கேட்டுக்கொள்ள இங்கே ஒருவர் இருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயணம் போகும் எல்லாக் குடும்பங்களும் நலமாகப் போய்ச் சேரவும், பிள்ளைகள் மன நிம்மதியோடு படிக்கவும் துஆ செய்கிறோம். அடுத்த விடுமுறையில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.