உடலுக்குள் ஒரு நுண்துகளின் பயணம்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோருக்குத் தலைமுடி உதிர்வது ஏன்? மருந்து கட்டியை மட்டும் தேடிச் செல்வதில்லை. இரத்தம் பாயுமிடமெல்லாம் சென்று, விரைந்து வளரும் நல்ல உயிரணுக்களையும் தாக்குகிறது. டாக்சோரூபிசின் என்னும் மருந்தோ இதயத்தையே நலிவடையச் செய்யவல்லது.

ஆகவே விஞ்ஞானிகள் மருந்தைச் சின்னஞ்சிறு கொழுப்புப் பைகளில் அடைத்து அனுப்ப முற்பட்டனர். லிப்போசோம் எனப்படும் இப்பைகளை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹம் என்பவர் கண்டறிந்தார். மருந்து சுமக்கும் பைகள் ஆயிரத்தை வரிசையாக அடுக்கினால்தான் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன் வரும்!

இரத்தத்தில் கலந்ததும் இரத்தப் புரதங்கள் விரைவில் பையின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் உடல் காண்பது ஆய்வுக்கூடத்தில் செய்த துகளை அன்று. புரதப் போர்வை போர்த்திய வேறொன்றை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் காக்கும் அணுக்கள் அதை அயலானென்று பிடித்து விழுங்கிவிடுகின்றன.

இதைத் தடுக்க, நீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் பையின்மேல் பதித்தனர். புரதங்கள் அவ்வளவு எளிதில் ஒட்டமாட்டா. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டாக்சில்' இவ்வகையே. இது நாட்கணக்கில் இரத்தத்தில் சுற்றிவரும். இதயத்துக்குத் தீங்கும் குறைவு. ஆனால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிகின்றன.

சரி, கட்டியைச் சென்றடைவது எவ்வளவு? முந்தைய பத்தாண்டின் விலங்கு ஆய்வுகளைத் திரட்டிய கணக்கு ஒன்று 2016-இல் வெளிவந்தது. செலுத்திய துகள்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, நடுமதிப்பு 0.7 விழுக்காடுதான்! 'குறி தவறாத அம்பு' என்று எழுதுவோர் இவ்வெண்ணைச் சற்றே நோக்குவது நல்லது.

ஆனால் நோயின் வேரே கல்லீரலில் இருந்தால்? பரம்பரையாக வரும் ஒரு நோயில், கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் பழுதுபட்டு, நரம்புகளில் படிந்து, கைகால்களை முடக்குகிறது. இதற்கான பட்டிசிரான் 2018-இல் அனுமதி பெற்றது. இம்மருந்தைச் சுமக்கும் கொழுப்புத் துகளின்மேல் அப்போ-ஈ என்னும் இரத்தப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. அப்புரதம் தாங்கிய கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல் உயிரணுக்களின் இயல்பு. துகளுக்கும் அவ்வாறே கதவு திறக்கிறது! உள்ளே நுழைந்த மருந்து, பழுதான புரதத்தைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகிறது. புதிதாகத் தூது வந்துகொண்டே இருப்பதால், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்தை மீண்டும் ஏற்றுகின்றனர்.