ஆமைக்காக நடந்தவர்கள்!



நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஏழாம் வகுப்பு மாணவர்களை அழைத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "இதுக்கு மார்க் உண்டா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதானே! ஆனால், அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஒரு கதை மூலம் சொல்கிறேன். கற்பனைக் கதை அல்ல, நம் சென்னைக் கடற்கரையில் நடந்த உண்மைக் கதை.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமைகள் இரவு நேரத்தில் இந்தக் கரைக்கு வரும். ஆலிவ் ரிட்லி என்றும் இவற்றைச் சொல்வார்கள். மணலில் குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டு, தாய் ஆமை கடலுக்குப் போய்விடும். பிறகு அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது!

அந்த முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரிந்த குஞ்சுகளுக்கோ வேறொரு ஆபத்து. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று அவை நம்பிப் போகும். நகரத்தின் தெருவிளக்கைக் கண்டதும், கடலுக்குப் பதிலாகச் சாலைக்கு நகர்ந்து மடியும்.

1970-களில், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இந்த முட்டைகளைக் காப்பாற்ற இரவில் கரையோரம் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு ஓர் இளைஞர் சேர்ந்துகொண்டார். பெயர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். கடல் அவரை அப்படி இழுத்துக்கொண்டது! படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆமைகளைத் தேடிக் கிளம்பினார். இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே ஆய்வு செய்தார்.

1982-இல், ஆளில்லாத ஒரு லட்சத்தீவுத் தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே 5 மாதங்கள் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கே தபால் ஏது? மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாட்களில் அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதை மனைவிக்கு அனுப்பியும் வைத்தார்! சதீஷ் பாஸ்கர் 2023-இல் காலமானார். நம் நாட்டில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பது பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவர் நடந்து சேர்த்ததுதான்.

1988-இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லை, சான்றிதழுக்காகவும் இல்லை. இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடப்பார்கள். ஆமையின் தடத்தை வைத்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். முட்டைகளை எண்ணி, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறும். சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் பொரிந்ததும் கடலில் விடுவார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். பங்குனி ஆமைகளின் மரபணுவை ஆராய்ந்தார். உலகின் மற்ற கடல்களில் உள்ள பங்குனி ஆமைகளுக்கு நம் கிழக்குக் கரை ஆமைகளே மூலமாக இருக்கலாம் என்று 2004-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு காட்டியது.

நடந்த எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடவில்லை. வேறு வேலைக்குப் போனவர்களே அதிகம். ஆனாலும், அவர்கள் கண்டதை மறந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் காப்பாற்றியும் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப்போல நுரையீரல் உண்டு. இழுவை மடி வலையில் சிக்கினால், மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிவிடும். வலையில் ஆமை தப்ப வழிவிடும் கருவி இருக்கிறது. அதை மீனவர்கள் ஏற்கும்படி மேம்படுத்த ஒரு பொறியாளர் வேண்டும். அவர்களுக்கு நட்டம் வராமல் திட்டம் போட ஓர் அதிகாரி வேண்டும். அந்தப் பொறியாளரும் அதிகாரியும் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், இல்லையா?

ஒன்று மட்டும் கவனம். வனத்துறையின் அனுமதி பெற்றவர்களோடும் பெரியவர்களோடும்தான் ஆமை நடைக்குப் போக வேண்டும். நீங்களாக முட்டையைத் தொடக் கூடாது. கடல் இல்லாத ஊரா? ஏரி இருக்கும், குளம் இருக்கும், பள்ளித் தோட்டமாவது இருக்கும். வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். கண்டதை நோட்டில் எழுதி வையுங்கள்.

அன்று கேட்ட மாணவனுக்கு என் பதில் இதுதான்: "மார்க் கிடையாது, தம்பி. ஆனால், யாரும் சொல்லாமலே நீ எந்த வேலையை விரும்பிச் செய்வாய் என்று உனக்கே தெரிந்துவிடும். அதை எந்தப் பரீட்சையும் சொல்லாது!"