11.15-க்கு நின்ற கடிகாரம்!

போலந்து தலைநகர் வார்சாவுக்குப் போகிறவர்கள், காலை 11.15 மணிக்கு அரண்மனைச் சதுக்கத்தில் இருப்பதுபோல் திட்டமிடுவது நல்லது. அந்த நேரத்தில் கோபுரத்திலிருந்து ஊதுகொம்பு ஒலிக்கும்.

அதென்ன 11.15 கணக்கு? 1939 செப்டம்பர் 17 அன்று, ஜெர்மன் படைகளின் தாக்குதலில் அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது கோபுரக் கடிகாரம் நின்றுபோன நேரம் அது.

தீ அணைந்த பிறகு இன்னொரு கதை தொடங்கியது. அரண்மனையை வெடிவைத்துத் தகர்க்க ஜெர்மானியர்கள் சுவர்களில் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். தேசிய அருங்காட்சியக இயக்குநர் ஸ்தனிஸ்வாவ் லோரென்ட்ஸும் அவரது ஆட்களும் கதவுகள், மரத்தரைப் பலகைகள், சிற்பத் துண்டுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெளியே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது என்பது தெரிந்தே செய்த வேலை. 1944-ல் வார்சா மக்களின் எழுச்சியை அடுத்து, அரண்மனை வெடிவைத்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

போர் முடிந்தும் அந்த இடம் பல வருஷங்கள் வெறுமையாகவே கிடந்தது. 1971-ல்தான் திரும்பக் கட்டும் முடிவு வந்தது. செலவுக்கு மக்களே உண்டியலில் பணம் போட்டார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்த போலந்துக்காரர்களும் அனுப்பினார்கள். 1974 ஜூலை 19 அன்று, அதே 11.15-க்குக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது. 1984-ல் அரண்மனை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

லோரென்ட்ஸ் குழு மீட்ட பழைய துண்டுகள் புதிய சுவர்களில் அங்கங்கே பதிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் உள்ளே அவசரமாக நடக்கக் கூடாது.

தவறவே விடக் கூடாதது கனலெட்டோ அறை. 18-ம் நூற்றாண்டு வார்சாவைத் தெருத்தெருவாகக் காட்டும் 22 ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. வரைந்தவர் இத்தாலிய ஓவியர் பெர்னார்டோ பெலோட்டோ. தாய்மாமன் கனலெட்டோவின் பெயரையே இவரும் வைத்துக்கொண்டார். ஜன்னல், கூரை விளிம்பு வரை நுணுக்கமாக வரைந்திருந்ததால், போருக்குப் பின் இடிந்த நகரத்தைக் கட்டியவர்களுக்கு இந்த ஓவியங்களும் கைகொடுத்தன. மனிதர் சில இடங்களில் அழகுக்காகக் கொஞ்சம் கூட்டியும் வரைந்திருக்கிறார் என்பது வேறு விஷயம்! பக்கத்திலுள்ள பழைய நகரம் 1980-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரெம்ப்ராண்ட் ரசிகர்களுக்கு அவரது இரண்டு ஓவியங்களும் அரண்மனையில் உண்டு.

வெளியே சதுக்கத்தில் உயர்ந்து நிற்பது மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்டின் தூண். 1644-ல் அவருடைய மகன் எழுப்பியது. போரில் அதுவும் விழுந்தது. 1949-ல் சிலை புதிய தூணில் ஏறியது. பழைய தூண்களின் உடைந்த துண்டுகள் அரண்மனைச் சுவரோரம் கிடப்பதைப் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

மாலைக்கு வாஜியென்கி பூங்கா. ஏரிக்கு நடுவே நிற்கிற மாளிகைக்கும் வெடிவைக்கத் துளை போட்டார்கள். தீ வைத்ததோடு விட்டுவிட்டதால் சுவர்கள் தப்பின. பூங்காவில் உலவும் மயில்கள் நம்மூர் இனம்தான். மே முதல் செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இசைமேதை ஷோபன் சிலையடியில் பியானோ கச்சேரி நடக்கும். டிக்கெட் கிடையாது. புல்வெளியில் இடம் பிடிக்கக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட வேண்டும்.