இன்கா மலை வயல்கள்: கற்சுவருக்குள் ஒரு வடிகால்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அம்மலைத்தொடரில் அமைந்த நாடுகளுள் ஒன்று பெரு. பல நாடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இங்கு வருகிறார்கள். இவர்களில் பலர் மாற்றுத் துணி, போர்வை, உணவு எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு, மலைப்பாதையில் நாள் கணக்கில் நடந்து, இன்கா மன்னர் காலத்து இடிபாடுகளைப் பார்த்துச் செல்கிறார்கள்.

கோயில், அரண்மனை, கோட்டை என்று பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். ஆனால் ஒரு விவசாயி அந்தப் பாதையில் நடந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது வேறு. அங்கே இடிபாடு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி வயல், வாய்க்கால், உணவுக் கிடங்கு ஆகியவையே. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அந்த வயல்களில் சில இன்றும் விளைகின்றன. பல பாழாகிவிட்டன. எது நின்றது, எது விழுந்தது, ஏன் என்று பார்ப்பது சரிவு நிலத்தில் பாடுபடும் எவருக்கும் பயன் தரும்.

இரும்பும் எருதும் இல்லாத உழவு

இன்காக்கள் கெச்சுவா மொழி பேசியவர்கள். 15ஆம் நூற்றாண்டில் கூஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு பெரிய பேரரசை அமைத்தார்கள். 1532இல் ஸ்பெயின் நாட்டுப் படை வந்து அவர்கள் மன்னரைச் சிறைப்பிடித்தது. ஆக, பேரரசாக அவர்கள் வாழ்ந்தது ஏறத்தாழ நூறு ஆண்டுகளே.

அவர்களிடம் இரும்பு இல்லை. சக்கர வண்டி இல்லை. உழவு மாடும் இல்லை. ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்ற சிறு விலங்கு பாரம் சுமந்தது. ஆனால் ஏர் இழுக்க அது உதவாது. எனவே மனிதரே காலால் உழுதார்கள். சாக்கிதாக்லா எனப்படும் அந்தக் கருவி ஆள் உயரக் கழி. அடியில் கூர்முனையும், அதற்குச் சற்று மேலே கால் வைத்து மிதிக்க ஒரு குறுக்குக் கட்டையும் இருக்கும். ஆண்கள் வரிசையாக நின்று மிதித்து மண்ணைப் பெயர்ப்பார்கள். பெண்கள் குனிந்து கட்டியைப் புரட்டிப் போடுவார்கள். முனைக்கு இரும்பு பூட்டிய இக்கருவி, டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் இன்றும் பயன்படுகிறது.

நடைபாதையில் காண்பவை

பயணம் பெரும்பாலும் கூஸ்கோ நகரில் தொடங்குகிறது. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,000 அடி உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்திருப்பதால் புதியவர்களுக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். ஆகவே ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வார்கள். கோக்கா இலை போட்ட வெந்நீர் அருந்துவது அவ்வூர் வழக்கம்.

அங்கிருந்து உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினால் பீசாக், ஒயாந்தாய்தாம்போ ஆகிய ஊர்கள் வரும். இரண்டிலும் மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டு வயல்கள். இப்பள்ளத்தாக்கின் வெள்ளை மக்காச்சோளம், மணி பெரிதாக இருப்பதற்குப் பெயர் பெற்றது.

ஒயாந்தாய்தாம்போவைக் கடந்து சிறிது தூரத்தில் ‘இன்கா பாதை’ என்னும் நடைபாதை தொடங்குகிறது. மச்சு பிச்சு வரை சுமார் 43 கிலோமீட்டர் தூரம். நடக்க நான்கு நாள். நடுவே 13,800 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். பாதை கெடாமல் இருக்க, சுமை தூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். பிப்ரவரி மாதம் பழுது பார்ப்பதற்காகப் பாதை மூடப்படும்.

முதல் நாள் நடையிலேயே பாதாயாக்தா என்ற இடம் தெரியும். ஆற்றோரம் வளைந்து வளைந்து செல்லும் அகன்ற படிக்கட்டு வயல்கள் அவை. கடைசிக் கட்டத்தில் வினாய் வாய்னா என்ற செங்குத்தான படிவயல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பவர் பல இடங்களில் கால் வைப்பதும் இன்காக்கள் பாவிய கல்லின் மீதுதான்.

மச்சு பிச்சு நிற்பது எதனால்?

மச்சு பிச்சு சுமார் 8,000 அடி உயரத்தில் ஒரு மலை முதுகின் மேல் உள்ளது. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,900 மில்லிமீட்டர். இரு பக்கமும் பாதாளம். நில அதிர்ச்சியும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் கட்டிய ஊர் ஆற்றுக்குள் சரிந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீர்ப் பொறியாளர் 1990களில் தம் குழுவினருடன் இதை ஆராய்ந்தார். அங்கு நடந்த கட்டுமான வேலையில் சுமார் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில் உள்ளது என்று அவர் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் சுவரைவிடத் தெரியாத வடிகாலே பெரிய வேலை.

படிக்கட்டு வயலின் குறுக்கு வெட்டு இப்படி இருக்கும். அடியில் பெரிய கற்கள். அவற்றின் மேல் சரளையும் மணலும் கலந்த அடுக்கு. அதற்கும் மேலேதான் பயிர் நிற்கும் மேல்மண். முன்புறத் தடுப்புச் சுவர் நேராக நிற்காமல் மலையை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். மழை பெய்தால் மேல்மண் தனக்கு வேண்டிய ஈரத்தை வைத்துக்கொள்ளும். மிஞ்சிய நீர் சரளை வழியாக இறங்கி, கற்களுக்கு இடையே வெளியேறிவிடும். சுவருக்குப் பின்னால் நீர் தேங்காது. நீர் தேங்காவிட்டால் சுவரைத் தள்ளும் பளு குறைவு. அதனால் சுவர் நிற்கிறது.

கற்சுவருக்கு மற்றொரு பயனும் உண்டு. பகல் வெயிலில் சூடேறிய கல், இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடுகிறது. உறைபனி விழும் மலையில் பயிருக்கு இது சிறு காப்பு.

இவ்வூர் வயல்களுக்கு வாய்க்கால் பாசனம் இல்லை. மழையே போதுமானதாக இருந்தது. ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளமுள்ள கல் வாய்க்கால் ஒன்று வருகிறது. அது மக்கள் குடிப்பதற்காக வந்தது. அந்த நீர் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த 16 நீர்த்தாரைகளில் விழுகிறது.

வடிகால் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. கூஸ்கோவுக்கு வடமேற்கே மொராய் என்ற இடத்தில், பெரிய கிண்ணம் போன்ற பள்ளத்தில் வட்ட வட்டமாகப் படிவயல்கள் உள்ளன. உயரத்துக்கு உயரம் வெப்பநிலை மாறுவதால், பயிர்களைச் சோதித்துப் பார்க்கும் பண்ணையாக இது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. 2009-10 மழைக்காலத்தில் வழக்கத்துக்கு மீறிய மழை பெய்தபோது இங்கே நிலம் நீரில் ஊறி, சுவர்களில் ஒரு பகுதி சரிந்தது. நூற்றாண்டுகள் நின்ற சுவராயினும் நீர் போக வழியில்லாவிட்டால் சரியும்.

பாசனமும் கிடங்கும்

மழை குறைந்த இடங்களில் இன்காக்கள் வாய்க்கால் வெட்டினார்கள். கூஸ்கோவுக்குத் தென்கிழக்கே திபோன் என்ற இடத்தில் ஓர் ஊற்று நீரைக் கல் வாய்க்கால்களில் பிரித்து, படிப்படியாக இறக்கி, அகன்ற வயல்களுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். அந்த நீர் இன்றும் ஓடுகிறது. அவ்வூர் மக்கள் இன்றும் அதை வயலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒயாந்தாய்தாம்போ ஊரின் தெருக்களிலும் பழைய வாய்க்கால்களில் மலை நீர் சலசலத்துக்கொண்டே இருக்கும்.

விளைந்ததைக் காப்பதிலும் அவர்கள் கவனம் செலுத்தினார்கள். மலைச்சரிவில் காற்று வீசும் இடமாகப் பார்த்துக் கிடங்குகள் கட்டினார்கள். இவற்றுக்குக் கோல்கா என்று பெயர். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து வெளியேறுவதால் தானியம் கெடாது. வானுகோ பம்பா என்ற ஒரே இடத்தில் சுமார் 500 கிடங்குகள் இருந்த தடயம் உள்ளது.

உருளைக்கிழங்கைச் சேமிக்க அவர்கள் கையாண்ட முறை எளியது. உறைபனி விழும் ஜூன், ஜூலை மாதங்களில் சிறு கிழங்குகளைத் தரையில் பரப்பி வைப்பார்கள். இரவில் கிழங்கு உறையும். பகலில் இளகும். இப்படிச் சில நாள் ஆன பிறகு காலால் மிதித்து நீரைப் பிழிந்து வெயிலில் உலர்த்துவார்கள். சுனியோ எனப்படும் இந்த வற்றல் பல ஆண்டு கெடாது. எடையும் வெகுவாகக் குறைந்துவிடும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் இதுவே உயிர் காத்தது. இம்முறை இன்றும் மலைக் கிராமங்களில் நடைமுறையில் உள்ளது.

நீலகிரியில் நாம் பயிரிடும் உருளைக்கிழங்கின் தாயகம் இந்த ஆண்டிஸ் மலைதான். நமது மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் தோன்றிய பயிரே. ஆண்டிஸ் மலையில் இன்றும் ஆயிரக்கணக்கான நாட்டு உருளை ரகங்கள் உள்ளன. லிமா நகரில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் அவற்றைத் திரட்டிப் பாதுகாக்கிறது. பீசாக் அருகே உள்ள மலைக் கிராமங்கள் சில ஒன்றுகூடி ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ என ஓர் அமைப்பை ஏற்படுத்தின. இழந்துவிட்ட தங்கள் ரகங்களை மீண்டும் பெற 2004இல் அந்த மையத்துடன் ஒப்பந்தமும் செய்துகொண்டன.

வயல்கள் பாழானது எப்படி?

ஸ்பெயினியர் வருகையோடு பெரியம்மை முதலிய நோய்களும் வந்தன. மக்கள் தொகை பெருமளவு அழிந்தது. 1570களில் அரசப் பிரதிநிதி தொலேதோ, மலை மேல் சிதறி வாழ்ந்த மக்களைக் கீழே புதிய ஊர்களில் கட்டாயமாகக் குடியேற்றினார். சுரங்க வேலைக்கும் ஆட்கள் கொண்டு செல்லப்பட்டார்கள்.

படிக்கட்டு வயல் என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடக் கூடியதன்று. ஒரு கல் பெயர்ந்தால் அன்றே வைக்க வேண்டும். வாய்க்காலில் மண் சேர்ந்தால் அந்த ஆண்டே தூர் எடுக்க வேண்டும். இதை நம் குடிமராமத்து போல ஊர் கூடிச் செய்தார்கள். இன்று நான் உன் வயலுக்கு, நாளை நீ என் வயலுக்கு என்று முறை வைத்து உழைப்பதற்கு அய்னி என்று பெயர். கை குறைந்தபோது முறை நின்றது. முறை நின்றதும் வாய்க்கால் தூர்ந்தது. நீர் வராத படிகள் புதராயின.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கூஸ்கோ பகுதியில் அபுரிமாக் ஆற்றின் குறுக்கே கெஸ்வாசாகா என்ற புல் கயிற்றுப் பாலம் உள்ளது. சுற்றியுள்ள ஊரார் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் புல்லைத் திரித்துக் கயிறாக்கிப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவார்கள். 2020இல் பெருந்தொற்று காரணமாக அவ்வேலை நடக்கவில்லை. 2021 மார்ச் மாதம் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் ஊரார் மீண்டும் கட்டினார்கள். ஓர் ஆண்டு தவறியதற்கே இந்த விளைவு.

மீண்டும் விளைந்த நிலம்

பாழான வயலை மீட்க முடியும் என்பதற்கும் சான்று உள்ளது. ஆன் கெண்டல் என்ற பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் 1970களின் இறுதியில் பாதாயாக்தா அருகே குசிசாக்கா பள்ளத்தாக்கில் அகழாய்வு தொடங்கினார். பழைய வாய்க்காலின் அமைப்பை ஆராய்ந்து, ஊர் மக்களுடன் சேர்ந்து அதைச் சீர்செய்தார். பின்னர் 1990களில் ஒயாந்தாய்தாம்போவுக்கு மேலே பதகாஞ்சா பள்ளத்தாக்கிலும் இந்தப் பணி நடந்தது. அங்கு 160 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 400 ஏக்கர் படிவயல் மீண்டும் சாகுபடிக்கு வந்தது. வேலைக்கு உள்ளூர்க் கல்லும் மணலும் களிமண்ணுமே பயன்பட்டன. சிமெண்டுப் பூச்சு மலைக் குளிரிலும் நில அசைவிலும் வெடிக்கும். அதை ஊரார் தாமே பழுது பார்ப்பதும் கடினம்.

ஆனாலும் கவலை தீரவில்லை. பெரு நாட்டின் பனிப்பாறைகள் 1962க்குப் பிறகு பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. வறண்ட மாதங்களில் பல வாய்க்கால்களுக்கு நீர் தருவது இந்தப் பனி. மற்றொரு புறம், இளைஞர்கள் வயலை விட்டுச் சுற்றுலா வேலைக்குப் போகிறார்கள். இன்கா பாதையில் பயணிகளின் கூடாரத்தையும் உணவையும் சுமந்து ஏறுபவர்களில் பலர் இம்மலைக் கிராமங்களின் சிறு விவசாயிகளே. ஆண் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அந்தக் கூலி குடும்பத்துக்குத் தேவையான பணம். ஆனால் அவர்கள் மலையேறும் நாட்களில் வாய்க்காலைத் தூர் எடுக்க ஆள் இல்லை.

சரிவு நிலம் உள்ளவர்கள் கவனிக்க

1. கல் வரப்பு போடும்போது கல்லுக்குப் பின்னால் நேரடியாக மண்ணை நிரப்பாதீர்கள். இடையில் ஓர் அடுக்கு சரளையோ உடைகல்லோ போடுங்கள்.

2. சுவரை நிலத்தின் பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டுங்கள். மிகை நீர் வெளியேற ஆங்காங்கே துளை விடுங்கள்.

3. சுவர் வயிறு தள்ளியது போல் புடைத்திருந்தால், பின்னால் நீர் தேங்குகிறது என்று பொருள். மழைக்கு முன்பே பிரித்துக் கட்டிவிட வேண்டும்.

4. மேல் வயலின் மிகை நீர் கீழ் வயலை அரிக்காமல் ஓரமாக இறங்கத் தனி வடிகால் வேண்டும். இது ஒருவரால் ஆகிற காரியமல்ல. மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் மழைக்கு முன் ஒரு நாள் சேர்ந்து இறங்கி வேலை செய்தால் இரு வயலும் தப்பும்.