சூலூரில் நின்ற கப்பல்

போன வாரம் கலிப்ஸோவை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூழ்கிய நிலையில் விட்டிருந்தோம். 1942-ல் பிரிட்டிஷ் கடற்படைக்காக அமெரிக்காவின் சியாட்டிலில் கட்டிய கண்ணிவாரிக் கப்பல். கடலுக்கடியில் கிடக்கும் காந்தக் கண்ணி இரும்பு வந்தால் வெடிக்கும் என்பதால் அதன் உடம்பு முழுக்க மரம். போர் முடிந்ததும் மால்டா தீவுக்கும் கோஸோவுக்கும் நடுவே ஆட்களையும் கார்களையும் ஏற்றி இறக்கியது. பிறகு வருஷத்துக்கு ஒரு பிராங்க் வாடகையில் கடலாய்வாளர் கூஸ்தோ கைக்குப் போய், கடலடியை உலகத்துக்குக் காட்டியது. 1996 ஜனவரியில் ஒரு பாரப்படகு மோதி முழுகியது.

“ஏனுங்க, நொய்யல்ல தண்ணி வர்றதே பெரும்பாடு, நம்ம பக்கம் ஏதாச்சும் கப்பல் உண்டுங்களா?” என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டால், உண்டு. ஒன்றல்ல, மூன்றைப் பார்ப்போம்.

முதல் கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. நின்ற இடம் கோயம்புத்தூர். அடித்தட்டும் இல்லை, பாய்மரமும் இல்லை. அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புப் பட்டறை. இதற்குக் கப்பல் என்று பெயர் வைப்பது அவர்களுடைய பழைய பழக்கம். கடற்படைச் சட்டம் ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் ஏறிய ஆளைத்தான் கட்டுப்படுத்தும். அதனால் கரையில் முகாம் போட்டால் அதையும் கப்பலாகவே பதிவு செய்துவிடுவார்கள். 1804-ல் கரீபியக் கடலில் வெறும் பாறை ஒன்றையே போர்க்கப்பலாக அறிவித்தவர்கள் ஆயிற்றே! இப்படிப்பட்ட ‘கப்பலில்’ தரைக்கு டெக் என்று பெயர், சமையல்கட்டுக்கு கேலி. வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போனால் ‘கரைக்கு இறங்குகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் கோவை என்பதற்கு வரைபடமே பதில் சொல்லும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. கடலோரம் இனி நிம்மதியில்லை. கோவையோ கடலுக்கு எட்டாத தூரம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் கொச்சித் துறைமுகத்துக்குப் போகிறது. 1932 முதல் பைக்காரா மின்சாரம் இருக்கிறது. மில்களும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன. இரும்பைத் தொட்டுப் பழகிய கைகளும் இருந்தன. கடைசிக் காரணம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

இரண்டாவது கப்பல் சூலூரில், 1945-ல் வந்தது: எச்.எம்.எஸ். வைரி. கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வைரிதான். தாம்பரத்துக்கு வல்லூறு, இலங்கையின் புத்தளத்துக்கு ராஜாளியா என்று விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயராகத் தேடி வைத்தார்கள். வைரி என்றால் பகைவன் என்றும் ஒரு பொருள் உண்டு. வைத்தவருக்கு அது தெரியுமோ என்னவோ!

1946-ல் இரண்டும் மூடப்பட்டன. போர் முடிந்தால் கப்பலுக்கு வேலையில்லை, பட்டறைக்கு மட்டும் ஏது? கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்த விமானங்களை வைத்துக்கொள்வதென்றால் காசு கட்ட வேண்டும் என்பதால், நல்ல விமானங்களையே பிரிட்டிஷார் பல இடங்களில் கடலில் தள்ளினார்கள். பழைய போல்ட்டைக்கூட எடைக்குப் போட மனம் வராத நம்ம ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

மூன்றாவது கப்பல் நம்முடையது. 1961 செப்டம்பர் 5 அன்று இந்தியக் கடற்படை சூலூரில் ஐ.என்.எஸ். ஹன்ஸாவைத் தொடங்கியது. மறுபடியும் பறவை, இந்த முறை அன்னம். அங்கே பயிற்சிக்கு இருந்த வேம்பயர் ஜெட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1943-ல் முதன்முதலாகப் பறந்த போர்க்கால வடிவம் அது. இறக்கையும் வாலும் அலுமினியம். விமானி உட்காரும் முன்கூடு மட்டும் மரம். பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டு, நடுவே தக்கை மாதிரி எடையற்ற பால்சா. பசை தடவி, அச்சில் அழுத்தி எடுத்தது. ஜெட் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மரப்பெட்டியில் பறப்பது! இதே முறையில் செய்த மஸ்கிட்டோ விமானங்கள் 1944-ல் இந்தியாவில் இறக்கை பிய்ந்து விழுந்து, கொஞ்ச காலம் எல்லாவற்றையும் தரையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. வேம்பயரின் இறக்கை உலோகமானதால் அந்தப் பயம் இல்லை.

கோவா விடுதலையானதும் டபோலிம் விமானத்தளம் கடற்படைக்குக் கிடைத்தது. 1964 ஜூனில் ஹன்ஸா அங்கே இடம் மாறியது, இன்றும் அங்கேதான். கருடா என்ற பெயரும் சும்மா இல்லை. 1953 மே மாதமே கொச்சியிலுள்ள கடற்படை விமானத்தளம் ஐ.என்.எஸ். கருடா ஆகிவிட்டது. புத்தளத்து ராஜாளி 1992-ல் அரக்கோணத்தில் வந்து உட்கார்ந்தது.

சூலூரில் விமானப்படை தங்கிவிட்டது. 1959-ல் அமைந்த பழுதுபார்ப்பு மையத்தை அந்தப் பக்கம் பி.ஆர்.டி. என்றால்தான் தெரியும். காங்கேயம்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றால் தேஜஸ் போர்விமானம் கிளம்பும் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. தேஜஸின் முதல் படைப்பிரிவு இங்கே 2018-ல் வந்தது.

ஹன்ஸாவின் விமானிகளுக்குத் தண்ணீரில் மிதக்கும் நிஜக் கப்பல் ஒன்றும் இருந்தது. 1943-ல் கட்டத் தொடங்கி, 1945-ல் நீரில் இறக்கி, போர் முடிந்ததால் பாதியில் கைவிடப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்த கப்பல். 1957-ல் இந்தியா அதை வாங்கி, விக்ராந்த் என்று பெயர் வைத்தது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)